‘போய்’ என்ற சொல்லைப் பற்றி உனக்கு

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா ஏன் சொல்லாமல் கொள்ளாமல் காலை ரயிலுக்கே கிளம்பிவிட்டார், எங்களால் ஏதாவது குறை நேர்ந்ததா என்று நீ கேட்டிருந்த இடம் வந்ததும் அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மருமகள் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்பது அவளுடைய முடிவு. நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அந்த முடிவு இறுகிக்கொண்டே போகிறது. ஆகவே முதலில் இதை எழுதிவிடுகிறேன். உன் மனைவிமேல் ஒரு குறையும் இல்லை. கால் வீங்கி உன் அம்மா வரமுடியாமல் போனதற்கு என்னைவிட அதிகமாக வருத்தப்பட்டவள் அந்தப் பெண்தான். எனக்குக் காரம் ஆகாது என்று யார் சொன்னார்களோ, எனக்கென்று தனியாக ஒரு சட்டியில் குழம்பு வைத்தாள். உன்மேலும் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு இருந்தது வெட்கம். உன் வீட்டிலிருந்து கிளம்பி இங்கே லாபிஸ் ஸ்டேஷனில் வந்து இறங்கிய பிறகும் அது என்னோடுதான் இருக்கிறது. நேரில் சொல்ல வாய் வராது என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். உன் மனைவியும் படிக்கட்டும். நாளைக்கு உனக்குப் பிறக்கும் பிள்ளைகள் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

நான் சொல்லவேண்டியது ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பற்றி. நீ இங்கிலீஷில் பரீட்சை தேறியவன். எனக்குத் தெரிந்தது சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடமாடுகிற இங்கிலீஷ் மட்டும். ஆனாலும் இந்த ஒரு சொல்லோடு எனக்கு உன்னைவிட நெருக்கம் அதிகம். பதினெட்டு வருஷம் அதுதான் என் பெயராக இருந்தது.

நான் தோட்டத்துத் துரையின் பங்களா வேலைக்குப் போனபோது எனக்கு முப்பதை நெருங்கும் வயது. உனக்கு மூன்று. அதுவரை ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தேன். பங்களாவில் இருந்தவன் சிங்கப்பூரில் நல்ல இடம் கிடைத்து ஓடிப்போக, துரை புது ஆள் கேட்டார். நிமிர்ந்து நிற்கிறவன், வாய் பேசாதவன் என்று கங்காணி என்னைக் கைகாட்டிவிட்டார். வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள், பித்தளைப் பொத்தான் வைத்தது. காலுக்கு ஒன்றும் கிடையாது. முதல் நாள் நான் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து துரையின் குரல் வந்தது. என் காதில் ‘போய்’ என்று விழுந்தது. போய் எதையோ கொண்டுவரச் சொல்கிறார், மீதி வாக்கியம் பின்னால் வரும் என்று காத்து நின்றேன். மறுபடியும் ‘போய்’. வாக்கியம் முடியவே இல்லை. சமையல்காரர் ஹைனான் சீனர், கோழி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியாலேயே என்னைச் சுட்டி, “லூ லா” என்றார். நீதான் அது என்று அர்த்தம். நான் ஓடினேன். துரை என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, இரண்டு விரலால் கத்தரிப்பதுபோல் மேலுதட்டின்மேல் சைகை செய்தார். மறுநாள் விடிந்ததும் நாவிதர்முன் உட்கார்ந்தேன். மீசை இல்லாமல் லயத்து வீட்டுக்கு வந்த என்னை உனக்கு அடையாளம் தெரியவில்லை, வீரிட்டு அழுதாய். உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்காக அன்றைக்கு நான் நொந்துபோய்க் கிடந்தேன் என்று எழுதினால் அது பொய். மழையில் நனைய வேண்டாம், அட்டைக்கடி இல்லை, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி நிற்க வேண்டாம். மிஞ்சிய ரொட்டி, எலும்புச் சாறு எல்லாம் வீட்டுக்கு வந்தது. அந்தச் சாற்றில் வளர்ந்த உடம்புதான் உன்னுடையது. பங்களாவில் யாருக்குமே பெயர் கிடையாது. சமைக்கிறவர் குக்கி, தோட்டம் கொத்துகிறவர் கெபுன், துரைசானியின் குழந்தையைப் பார்க்கிறவள் ஆயா, நான் ‘போய்’. விருந்துக்கு வரும் மற்ற துரைமார் வீடுகளிலும் அப்படித்தான். தலை முழுக்க நரைத்த ஒருவரை ‘போய்’ என்று கூப்பிட, அவர் குனிந்து வந்து சுருட்டுக்கு நெருப்பு வைத்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி என்றால் எனக்கு மட்டும் என்ன வந்தது என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் ஒரு விளையாட்டு வைத்திருந்தோம், உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ. நீ பலகைமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு கையைத் தட்டி ‘போய்’ என்பாய். நான் கொடியில் கிடக்கும் துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, குனிந்து, துரையிடம் சொல்வதுபோலவே “யெஸ், துவான்” என்று தண்ணீர்க் குவளையோடு வருவேன். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாய். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிவந்து காட்டுவாய். அந்தச் சிரிப்புக்காகவே நான் பங்களாவில் நடந்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து நடித்தேன். அங்கே விழுங்கியதை இங்கே வேடிக்கையாக மாற்றிவிட்டால் அது சரியாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. உன் அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. ஒருநாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “புள்ளைக்கு அப்பன்னு ஒருத்தன் வேணுங்க. இங்கயும் ஒரு துரைய உக்கார வைக்காதீங்க” என்றாள். நான் அவளுக்கு வேடிக்கை புரியாது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நீ ரயிலேறி இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாய். முதல் புத்தகத்தில் பந்தோடு நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பையனின் படம் இருந்தது. அதை என்னிடம் கொண்டுவந்து, “அப்பா, போய்ன்னா சின்னப் பையனாம். ஒங்கள ஏம்பா அப்படிக் கூப்பிடுறாங்க?” என்று கேட்டாய். கேலியாகக் கேட்கவில்லை. உனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எனக்கும் அதுவரை அந்த அர்த்தம் தெரியாது. ‘போய்’ என்றால் பங்களா வேலைக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்று தட்டிக்கழித்துவிட்டு, மறுநாள் ஆபீசுக்குத் தபால் கொண்டுபோகிற சாக்கில் அங்கே தலைமைக் குமாஸ்தாவாக இருந்த பெரிய கிராணி ஐயாவிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், படிப்பாளி. அவர் யோசித்துவிட்டு, சென்னைப் பக்கம் வந்த முதல் வெள்ளைக்காரர்கள் பல்லக்கில்தான் போவார்கள், பல்லக்குத் தூக்குகிற சாதியாருக்குத் தெலுங்கிலே போயி என்று பெயர், தமிழிலும் போவி என்பார்கள், அந்தச் சொல்தான் வெள்ளைக்காரன் வாயில் ‘போய்’ ஆகி வேலைக்காரர் எல்லாருக்கும் ஆகிவிட்டது என்றும் சொல்வார்கள் என்றார். எனக்கு மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நான் சின்னப் பையன் இல்லை, ஒரு தொழிலின் பெயரால் கூப்பிடப்படுகிறவன், அதுவும் நம் பக்கத்துச் சொல்லால். அவர் ‘என்றும் சொல்வார்கள்’ என்று சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. அன்று உன்னை மடியில் உட்கார வைத்து, அது நம்மவர் சொல், துரை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது என்று பெருமையாகச் சொன்னேன்.

நீ என்னை நம்பினாய். வகுப்பில் வாத்தியார் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டபோது கையைத் தூக்கி, பல்லக்குத் தூக்குகிறவன் என்று சொல்லியிருக்கிறாய். வகுப்பே சிரித்திருக்கிறது. உன்னைப் பெஞ்சுமேல் நிறுத்தினார்கள் என்றும், பல வாரம் உன்னைப் பல்லக்கு என்றே பையன்கள் கூப்பிட்டார்கள் என்றும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நீ வீட்டுக்கு வந்து, “நீங்க சொன்னது தப்புப்பா” என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு எந்த இங்கிலீஷ் சொல்லுக்கும் என்னிடம் அர்த்தம் கேட்டதில்லை.

நான் மறுபடியும் கிராணி ஐயாவிடம் போனேன், கொஞ்சம் கோபத்தோடுகூட. அவர் அலமாரியிலிருந்து தடித்த அகராதியை எடுத்து விரித்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “இந்தச் சொல்லு எங்கயிருந்து வந்தது எண்டு வடிவாத் தெரியாதாம். ஆனா முந்தி அவையின்ர நாட்டிலயே வேலைக்காரனைத்தான் இப்பிடிக் கூப்பிட்டவை. பிறகுதான் பொடியனுக்கு வந்தது. காலில விலங்கு போட்டவன் எண்ட கருத்திலயிருந்து வந்ததெண்டும் ஒரு கதை இருக்கு. நிச்சயமில்லை” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அகராதியை மூடி, இதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளாதேயும் என்றார். ஆக, வேலைக்காரன்தான் முதலில், பையன் பிறகு. யாருக்கும் அடங்கி, சொன்னதைச் செய்கிறவன் என்பதால்தான் அந்தப் பெயர் சின்னப் பிள்ளைக்கே ஒட்டியிருக்க வேண்டும். பல்லக்குப் பாதையும் உண்மையாக இருக்கலாம், இரண்டு பாதையும் ஒன்றில் கலந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். எந்தப் பாதையில் வந்தால் என்ன, வந்து உட்கார்ந்தது என் பெயர் இருந்த இடத்தில்.

இனி எழுதுவது உனக்கும் தெரிந்ததுதான். நீ அங்கே நின்றுகொண்டிருந்தாய். ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். நம் லயத்தில் பாதி வீடுகள் காலி. நீ இங்கிலீஷ்ப் பாட்டு ஒப்பிப்பதில் பள்ளியில் முதலாவதாக வந்தாய் என்று கிராணி ஐயா துரையிடம் சொல்ல, விருந்தாளிகள் வந்திருந்த அன்று உன்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உன் அம்மா உன் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். நான் தட்டோடு சுவரோரம் நின்றேன். நீ ஓர் இடத்திலும் தடுமாறாமல் ஒப்பித்தாய். துரைசானி கைதட்டினாள். துரை உன்னை அருகே கூப்பிட்டு, உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டார். நீ என் பெயரைச் சொன்னாய். முழுப் பெயரையும், என் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னாய். துரைக்கு அப்படி ஓர் ஆள் தன் தோட்டத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. எந்த லயம், என்ன வேலை என்று கேட்டார். நீ கையை நீட்டி என்னைக் காட்டினாய்.

துரை திரும்பிப் பார்த்தார். “போய்ஸ் போய்” என்றார். போயுடைய பையன். அவருக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், இன்னொரு தரம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததுதான் எல்லாரையும்விடச் சத்தமாக இருந்தது. நீ சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாய்.

திரும்பி வரும்போது நீ முன்னால் நடந்தாய். லயம் கண்ணுக்குத் தெரிந்ததும் நின்றாய். பிறகு, “நீங்க ஏம்பா சிரிச்சீங்க?” என்று கேட்டாய். “தொர சிரிச்சா நாமளும் சிரிக்கணும்யா. அப்பதான் இங்க இருக்க முடியும்” என்றேன். ஒரு தகப்பன் பிள்ளைக்குச் சொன்ன புத்தி அது. கப்பலேற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் சொன்னேன், உன் படிப்பு நின்றுபோகும் என்ற பயத்தில் சொன்னேன். பயம் உண்மையானதுதான். ஆனால் சிரிக்காமல் சும்மா நின்றிருந்தாலும் துரை என்னை அனுப்பியிருக்க மாட்டார். இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை.

நீ வேலைக்கென்று ஜோகூர் பாரு போன வருஷம் குக்கி இறந்துபோனார். பங்களாவுக்குப் பின்னால் இருந்த அறையில், சுரம் கண்ட மூன்றாம் நாள். அவரை உனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொள் என்று வெண்ணெய் தடவிய ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் திணிப்பாரே, அவர். டவுனிலிருந்து அவருடைய ஊர்க்காரர்கள் நான்கைந்து பேர் பெட்டியோடு வந்தார்கள். அவர்களில் பெரியவர் என்னைத் தனியே அழைத்து, மரியாதையாக, கல்லறையில் எழுத வேண்டும், இவர் பெயர் என்ன, நீங்கள்தானே இவரோடு கூட இருந்தவர் என்று மலாயில் கேட்டார். நான் குக்கி என்றேன். அவர் அது வேலை, பெயர் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. ஒரே அடுப்படியில் அத்தனை காலம். அவர் என்னை ‘போய்’ என்றார், நான் அவரைக் குக்கி என்றேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அந்தப் பெரியவர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டார்களாம். அப்போதாவது போய்க் கேட்டிருக்கலாம். எந்த முகத்தோடு கேட்பது என்று விட்டுவிட்டேன்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். சர்க்கார் வீடு, சிமெண்டுத் தரை, வாசலில் செம்பருத்தி. என் பிள்ளையின் வீடு என்று ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன், நீ ஆபீசில் இருந்தபோது. வேலைக்கு ஒரு ஜாவாக்காரரை வைத்திருக்கிறாய். என்னைவிட மூத்தவர், நடக்கும்போது ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உன் ஆபீஸ் சிநேகிதர் வந்திருந்தார். முன்னறையில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள். நானும் அந்த ஜாவாக்காரரும் பின்பக்கத்துப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து உன் குரல் வந்தது. “போய்!”

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை, தம்பி. வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்து, இல்லாத பொத்தானைக் கையால் தடவிக்கொண்டு முன்னறை வாசலில் வந்து நின்றுவிட்டேன். “யெஸ், து” என்பதுவரை வாயில் வந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் அவரும் காலை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். வாசலில் இரண்டு கிழவர்கள். உன் சிநேகிதர் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். உன் மனைவி தேநீர்த் தட்டை ஏந்தியபடி நின்றுவிட்டாள். உன் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். “நீங்க ஏம்பா எந்திரிச்சி வந்தீங்க? போய் உக்காருங்க” என்றாய். சிநேகிதர் ஏதோ மெதுவாகக் கேட்டார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். அதை உனக்குக் கொடுத்தவன் நான். அதற்குமேல் அந்த வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியவில்லை. அதுதான் காலை ரயில்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆபீசில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அது வெறும் சொல், அவரும் வருத்தப்படுவதில்லை என்று நீ சொல்லலாம். நானும் வருத்தப்படாமல்தான் இருந்தேன். வருத்தப்படாமல் இருந்து இருந்துதான் என் உடம்பு அந்தச் சொல்லைத் தன் பெயராகப் படித்துக்கொண்டது. இனி அது மறக்காது. இந்த வயதில் நான் பெற்ற பிள்ளை கூப்பிட்டாலும் எழுந்து நிற்கிறது. இங்கே உன் அம்மா என்னைக் கூப்பிடுவதே ‘இந்தாங்க’ என்றுதான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை. உன் வாயால் அன்று பங்களாவில் கேட்டதுதான், அவ்வளவு பேர் முன்னிலையில் என் பெயர் முழுதாகச் சொல்லப்பட்ட ஒரே தடவை. நான் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவேண்டிய இடத்தில் சிரித்துக் கெடுத்துக்கொண்டேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு முன் ஆடிய விளையாட்டுக்காகவும் கேட்கிறேன்.

நான் கிளம்பிய அன்று காலை, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அந்த ஜாவாக்காரர் என் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தார். ரயில் வரத் தாமதமாயிற்று. பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். அதனால் நானும் நின்றேன். பிறகு எனக்குத் தெரிந்த மலாயில் அவருடைய பெயரைக் கேட்டேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. “சாயா சாலா அப்பா, துவான்?” என்றார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கிறார். பெயரைக் கேட்கிறவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான் போலிருக்கிறது. நான் பயந்துபோய், ஒன்றும் இல்லை, நானும் உங்கள் வேலைதான் பார்த்தேன், என் பெயர் இது என்று முதலில் என் பெயரைச் சொன்னேன். அவர் அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்து, பாதியைத் தப்பாகச் சொன்னார். நான் திருத்திச் சொன்னேன், அவர் மறுபடி சொன்னார், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு தன் பெயரைச் சொன்னார். ஊரில் ஒரு மகள் இருக்கிறாளாம், பார்த்து வெகுகாலம் ஆயிற்றாம். ரயில் வந்து நான் ஏறியதும் ஜன்னலருகே வந்து, வீடு போய்ச் சேர்ந்ததும் பிள்ளைக்கு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்வேன் என்றார்.

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்பதை அவரிடம் நீதான் சொல்ல வேண்டும். அவருடைய பெயரை நான் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. உன்னைவிட மூத்தவர், பக்கத்தில் போய் நின்று நீயே கேள். கொஞ்சம் பயப்படுவார். உன் பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்.

உன் அப்பா